குண்டு ஏன் நின்றது?

(கோவையில் மோட்டார் ரீவைண்டிங் தொழில் செய்வோரும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசை மேல் இருப்பது 5 எச்.பி. மோட்டாரின் ஸ்டேட்டர். நாலு போல், 36 ஸ்லாட். ரோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறேன். என் கையில் இருப்பது தேய்ந்துபோன பியரிங்கை உடைத்து எடுத்த எஃகுக் குண்டு. இதை ஸ்டேட்டருக்குள் போட்டு, மூன்று ஃபேஸையும் டிம்மர்ஸ்டாட் வழியாகக் குறைந்த வோல்ட்டில் கொடுத்தால் என்ன ஆகும் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கத் தேவையில்லை. பின்வரிசைத் தம்பிகளில் சிலர் பார்த்திருக்க மாட்டார்கள். குண்டு உள்சுவரை ஒட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றும். கண்ணுக்குத் தெரியாத சுழல் காந்தப்புலத்தை இவ்வளவு மலிவாக வேறு எதிலும் காட்ட முடியாது.

படிப்பை முடித்து, மெக்கரும் கையுமாகத் திரிந்த வயதில் இதை முதல்முறை பார்த்தேன். ரீவைண்டிங் முடிந்து வந்த ஒரு மோட்டாரை நான் மெக்கரில் சோதித்து, 100 மெகா ஓம் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பட்டறை மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. ரோட்டாரை உருவிவிட்டுக் குண்டைப் போட்டார். அது பாதிச் சுற்று ஓடி, ஓரிடத்தில் திக்கி, அங்கேயே நின்று நடுங்கியது. "இந்த எடத்துல ஒரு குரூப்பு திரும்பி நிக்குதுங்க சார்" என்றார். பிரித்துப் பார்த்தோம். ஒரு குரூப்பின் முனைகள் மாறி இணைந்திருந்தன. நான் மெக்கரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது பாடிக்குப் போகுதான்னு மட்டுந்தானுங்களே பார்க்கும்? உள்ளுக்குள்ள நடக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான். காந்தப்புல சென்சார் என்றதும் ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் பட்டறையில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. ஒன்று இந்தக் குண்டு. இரண்டாவது, பள்ளிக்கூடத்துக் காம்பஸ். ஒரு ஃபேஸுக்கு பேட்டரியைக் கொடுத்துவிட்டு, ஸ்டேட்டரின் உள்விளிம்பில் காம்பஸை நகர்த்தினால் நாலு போல் மோட்டாரில் ஊசி வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று நாலு முறை புரள வேண்டும். புரளாத இடத்தில் கோளாறு. மூன்றாவது, ஹாக்சா பிளேடு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் பட்டையை வெட்டிக் கம்பி சுற்றிச் செய்த குரோலரை ஒரு ஸ்லாட்டின் மேல் வைத்து ஏ.சி. கொடுத்தால், அந்தக் காயிலில் எங்காவது ஷார்ட் இருந்தால் அதற்குள் மின்னோட்டம் சுழலும். காயிலின் மறுபக்கம் எந்த ஸ்லாட்டில் இறங்குகிறதோ, அதன் மேல் பிளேடைப் பிடித்தால் கரகரவென்று அதிரும். டெல்டாவைப் பிரிக்காமல் இதைச் செய்தால் நல்ல காயிலிலும் பிளேடு அதிரும். எத்தனை பேர் அதில் ஏமாந்திருப்பார்கள் என்று சொன்னால் இங்கேயே சண்டை வரும்.

இந்த மூன்றும் நல்ல கருவிகள்தான். ஆனால் ரோட்டாரை உருவினால்தான் வேலை செய்யும். மோட்டார் ஓடும்போது எதுவும் சொல்லாது. இன்னொன்று, குண்டுக்கு ஒரு முழுக் குரூப்பு புரண்டால் தெரியும், ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆனால் தெரியாது. மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் அந்த ஒரு சுற்றுதான்.

வெந்த மோட்டாரைப் பிரித்தவுடன் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் கரியாகி ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தால், ஓடும்போது ஒரு லைன் போயிருக்கிறது. டெல்டாவில் என்றால் ஒரு ஃபேஸ் மட்டும் கரியாகி இருக்கும். எல்லாமே சீராகக் கருத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்று இல்லாமல் புழுங்கியது. ஆனால் சுற்றிலும் வார்னிஷ் தேன் நிறத்தில் இருக்க, ஒரே ஒரு ஸ்லாட் வாயில் மட்டும் தாமிரம் உருகி முத்து முத்தாய் நிற்கிறதே, அதுதான் டர்ன் ஷார்ட். கம்பியை ஸ்லாட்டில் இறக்கும்போது பட்ட கீறலாக இருக்கலாம். மூங்கில் குச்சியை அடித்து இறக்கும்போது லேத்திராய்டு பேப்பர் விலகியிருக்கலாம். ஓவர்ஹேங்கைக் கட்டிய நூல் தளர்ந்து, வருஷக்கணக்கில் கம்பியும் கம்பியும் உரசியிருக்கலாம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. என் மேசையில் இருக்கும் மாதிரி மோட்டாருக்குப் போட்ட தோராயக் கணக்கு, உங்கள் மோட்டாரில் கொஞ்சம் முன்பின் இருக்கும். டெல்டா இணைப்பு, 415 வோல்ட், ஒரு ஃபேஸுக்கு ஏறத்தாழ 400 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஒரு வோல்ட். ஒரு வோல்ட் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒரு சுற்றின் நீளம் அரை மீட்டர். 0.9 மில்லிமீட்டர் கம்பி. சூடான நிலையில் அதன் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் அறுபதில் ஒரு பங்குதான். இனாமல் போய் இரண்டு கம்பி நன்றாக ஒட்டிக்கொண்டால் அந்த ஒரு வோல்ட், அந்த அரை மீட்டர் கம்பிக்குள் 60, 65 ஆம்பியரைச் சுழலவிடும். ஃபேஸில் முழுச் சுமையில் ஓட வேண்டியதே 4.3 ஆம்பியர். பதினைந்து மடங்கு மின்னோட்டம் என்றால் வெப்பம் இருநூறு மடங்குக்கு மேல். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஸ்லாட்டுக்குள் திணித்து எரியவிட்டதற்குச் சமம். எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 டிகிரி வரைதான் தாங்கும். இது தாங்குமா? பக்கத்துச் சுற்று, அதற்கடுத்த சுற்று, பிறகு பக்கத்துக் காயில், கடைசியில் பாடி. பாடிக்கு வந்த பிறகுதான் மெக்கருக்குச் சேதி போகும்.

இவ்வளவு நடக்கும்போது வெளியே டாங் டெஸ்டர் என்ன காட்டும்? இங்கேதான் வேடிக்கை. அந்த ஒரு சுற்று, 400 சுற்று கொண்ட டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி மாதிரி. 65 ஆம்பியரை 400-ஆல் வகுங்கள். 0.16 ஆம்பியர். 7.5 ஆம்பியர் ஓடும் லைனில் இந்த 0.16 எங்கே தெரியும்? நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதிலேயே அதைவிட அதிகம் ஆடும். ஓவர்லோடு ரிலே அசையாது. அதைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை.

சரி, அதே 65 ஆம்பியரை வெளியே இருந்து பார்க்காமல் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு காயிலில் 66 சுற்று. 4.3 ஆம்பியரால் பெருக்கினால் அந்தக் காயிலின் மொத்தக் காந்த வலிமை ஏறத்தாழ 285 ஆம்பியர்-சுற்று. ஷார்ட்டான அந்த ஒரு சுற்று தனியாகவே 65 ஆம்பியர்-சுற்று போடுகிறது, அதுவும் மற்றவற்றோடு சேராமல் முறைத்துக்கொண்டு. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ரோட்டார் கூண்டில் ஓடும் மின்னோட்டம் இதில் ஒரு பங்கை எதிர்த்து அமுக்கிவிடும் என்பது உண்மை. இருந்தாலும் லைனில் இரண்டு சதவீதமாகத் தேய்ந்துபோன சேதி, ஸ்லாட் வாயில் கூச்சலாக இருக்கிறது. லைன் ஆம்பியர் என்பது பதினெட்டுக் காயிலுக்கும் சேர்த்துப் போட்ட குடும்பக் கணக்கு. எந்தப் பிள்ளை கடன் வாங்கினான் என்று அதில் தெரியாது. காந்தப்புலம் அந்தந்தக் காயிலின் வாசலிலேயே நிற்கிறது.

சர்ஜ் டெஸ்டர் என்று ஒன்று இருக்கிறதே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது, நல்ல கருவி. இரண்டு ஃபேஸுக்கும் ஒரே உயர் வோல்ட் அடியைக் கொடுத்து, அலைகள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்ப்பது. ஆனால் அதற்கும் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

ஓடும் மோட்டாரில் காந்தப்புலத்தை அளக்க நமக்கு இரண்டு வழி. ஒன்று ஹால் சென்சார். 1879-இல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் ஓடவிட்டுக் குறுக்கே காந்தத்தை வைத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே மிகச் சிறிய வோல்ட் தோன்றியது. உலோகத்தில் அது எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிறியது. செமிகண்டக்டர் வந்த பிறகுதான் அது கருவியானது. இன்று மின்சார ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டர் கைப்பிடிக்குள் இருப்பது அதுதான். மூன்று கால், 5 வோல்ட் கொடுத்தால் நடுவில் 2.5 வோல்ட்டில் நிற்கும், வடக்கு வந்தால் ஒரு பக்கம், தெற்கு வந்தால் மறுபக்கம் நகரும். சிக்கல் என்னவென்றால், சின்ன மோட்டாரில் ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் இதை எங்கே வைப்பது? வெளியே பாடியின் மேல் வைத்தால் காந்தப்புலம் அங்கே மிக மெலிந்துவிடுகிறது. பூமியின் காந்தம் நம் பக்கத்தில் சுமார் 0.4 காஸ். பாடிக்கு வெளியே கசிவது பல இடங்களில் அதற்கு அக்கம்பக்கம்தான். சாதாரண ஹால் சென்சார் காஸ் ஒன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட் தரும். அதன் சொந்த இரைச்சலிலேயே சேதி கரைந்துவிடும். (கைப்பேசியில் காம்பஸ் இருக்கிறதே, அதை ஒட்டவைத்துப் பார்க்கலாமே என்று ஒரு தம்பி போன வாரம் கேட்டார். நல்ல கேள்வி. பெரும்பாலான கைப்பேசிகள் அதை ஒரு நொடிக்கு நூறு முறை போலத்தான் படிக்கும். 50 சுழற்சிக்கு மேல் எதையும் நம்ப முடியாது.)

அதனால் நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியை. அது ஹாலைவிடப் பழையது. 1831-இல் ஃபாரடே கண்டது. ஒரு சாதாரணக் காயில். மாறும் காந்தப்புலம் அதன் வழியே போனால் வோல்ட் வரும், அவ்வளவுதான். 36 கேஜ் கம்பியில் பத்துச் சுற்று, ஸ்டேட்டரின் ஒரு பல்லைச் சுற்றி. ஸ்லாட் குச்சிக்கு அடியில் அது போவதே தெரியாது. இந்த மோட்டாரில் அது ஒன்றரை, இரண்டு வோல்ட் தரும். சாதாரண மல்ட்டிமீட்டரே படித்துவிடும்.

ஒரு காயிலின் வோல்ட்டை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. சப்ளை வோல்ட் கூடினால் அதுவும் கூடும். ஆகவே தராசு கட்ட வேண்டும். நாலு போல், 36 பல். முதல் பல்லுக்கு நேர் எதிரே பத்தொன்பதாவது பல். மோட்டார் நன்றாக இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு காந்தம் ஏறி இறங்க வேண்டும். இரண்டு பல்லிலும் பத்துப் பத்துச் சுற்றுப் போட்டு, இரண்டையும் எதிரெதிராக இணைத்துவிடுங்கள். ஒன்றின் வோல்ட்டை மற்றது கழித்துவிடும். மிச்சம் சில பத்து மில்லிவோல்ட். சப்ளை ஏறினாலும் இறங்கினாலும் தராசு பெரிதாக ஆடாது. ஏதோ ஒரு பக்கத்துக் காயிலில் ஒரு சுற்று ஷார்ட் ஆனால் அந்தப் பக்கத்துப் பல்லில் காந்தம் குறையும், தராசு சாயும். இப்படி நாலைந்து ஜோடி போட்டால் ஸ்டேட்டர் முழுவதும் காவலுக்குள் வந்துவிடும். பாதிக் கைப்பிடிக் கம்பிகூடச் செலவாகாது.

இந்த யுக்தி பெரிய இடத்தில் அரை நூற்றாண்டாக நடப்பதுதான். மேட்டூரில் ஓடும் 210 மெகாவாட் ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களில் ரோட்டார் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடம் உண்டு. 1971-இல் ஆல்பிரைட் என்ற பொறியாளர் அந்த இடைவெளியில் ஒரு சின்னக் காயிலை நீட்டிவைத்து, ஓடும் ரோட்டாரில் எந்தக் காயிலில் சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். ரோட்டாரின் ஒவ்வொரு ஸ்லாட்டும் காயிலைக் கடக்கும்போது ஒரு முகடு எழும். ஒரு போலின் மூன்றாவது ஸ்லாட் முகட்டை எதிர்ப் போலின் மூன்றாவது முகட்டோடு ஒப்பிட வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தால் அந்தக் காயிலில் சுற்று குறைந்திருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா ஸ்லாட்டும் ஒரே சுமையில் தெளிவாகத் தெரியாது. ஜெனரேட்டரின் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு ஸ்லாட்டாகப் படிக்க வேண்டும். பிரம்மாண்டமான அந்த ரோட்டாரை உருவ எத்தனை நாள் ஆகும், எவ்வளவு மின்சாரம் இழக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தக் காயிலின் அருமை தெரியும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பிரிக்காமல் என்ன செய்வது? ஷாஃப்ட்டைச் சுற்றி, எண்ட் கவருக்கு வெளியே ஒரு பெரிய வளையக் காயிலை மாட்டலாம். மோட்டார் முழுச் சமச்சீராக இருந்தால் ஷாஃப்ட் வாக்கில் கசியும் காந்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும். கோளாறு வந்தால் மிச்சம் நிற்கும். 1994-இல் பென்மேனும் கூட்டாளிகளும் இதை அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நாலு காயிலை நாலு மூலையில் வைத்தால் கோளாறு எந்தப் பக்கம் என்றும் சொல்லலாம் என்றார்கள். நம் நாலு போல் மோட்டார் 1440-இல் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 24 சுற்று. 50-இல் 24-ஐக் கழித்தால் 26, கூட்டினால் 74. இந்த இரண்டு அலைவரிசைகளிலும் மேடு எழுகிறதா என்று பாருங்கள் என்பது அதன் ஒரு பகுதி.

நானும் பார்த்தேன். அதில் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நூற்பாலையில் வளையக் காயிலை மாட்டி, 26-லும் 74-லும் பெரிய மேடு வந்ததைப் பார்த்துவிட்டு, டர்ன் ஷார்ட், உடனே கழற்றுங்கள் என்றேன். ஒரு ஷிஃப்ட் போனது. பிரித்தால் வைண்டிங் அன்று அடித்த வார்னிஷ் மாதிரி மினுமினுக்கிறது. பியரிங் உட்காரும் இடம் தேய்ந்து, ரோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியிருக்கிறது. மையம் விலகிய ரோட்டாரும் அதே 26, 74-இல்தான் பேசும். எனக்கு அது தெரியாமலா இருந்தது? புத்தகத்தில் படித்திருக்கிறேன். மேட்டைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். மில் மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பிரான்ஸில் பெத்யூன் நகரில், ஆர்த்துவா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி சொன்னார்கள். பாடிக்கு வெளியே நேர் எதிரெதிராக இரண்டு காயில்களை ஒட்டிவிட்டு, சுமையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நல்ல மோட்டாரில் இரண்டு காயிலின் சேதியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஷார்ட் இருந்தால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். மோட்டார் நல்லபடியாக இருந்த காலத்துப் பழைய அளவு கையில் இல்லாவிட்டாலும் இது உதவும் என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் மோட்டார் சுமை மாறாமல் ஓடும் இடங்களில், உதாரணமாகக் கிணற்றுப் பம்பில், ஏற்றி இறக்குவது எளிதல்ல. பக்கத்தில் ஓடும் கேபிளையும் சென்சார் பிடித்துக்கொள்ளும். இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டார் என்றால் கேட்கவே வேண்டாம், அதன் கூர்மையான துடிப்புகள் சென்சாரை நிரப்பிவிடும். சேதாரமும் அங்கேதான் அதிகம். அந்தத் துடிப்புகளின் பெரும் அடி, லைன் பக்கத்து முதல் சில சுற்றுகள் மேலேயே விழுகிறது. போர்வெல் சப்மர்சிபிளைப் பற்றி நான் எதுவும் வாக்குக் கொடுக்கப்போவதில்லை. தண்ணீருக்குள் முன்னூறு அடியில் இருப்பதன் மேல் காயில் ஒட்ட யார் இறங்குவது?

இதனால்தான் உங்களிடம் வந்தேன். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரில் மோட்டார் செய்த நாளிலிருந்து, மோட்டாரின் வயிற்றுக்குள் கைவிட்டவர்கள் நீங்கள்தான். ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் வெளியே நின்று சுவரில் காது வைத்துக் கேட்கிறார்கள். நீங்களோ மாதத்துக்கு எத்தனையோ ஸ்டேட்டரைத் திறக்கிறீர்கள். திறந்திருக்கும்போதே இரண்டு பல்லில் பத்துச் சுற்றுப் போட உங்களுக்குக் கால்மணி நேரம் போதும். போட்டுவிட்டு, முதல் நாள் ஓட்டும்போதே தராசின் மிச்சம் எவ்வளவு என்று டெர்மினல் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். நூற்பாலையில் எனக்கு இல்லாமல்போனது அந்த ஓர் எண்தான். முதல் நாளிலேயே 40 மில்லிவோல்ட் மிச்சம் இருந்து, ஆறு மாதம் கழித்தும் 40 இருந்தால் அது ரோட்டாரின் சாய்வாக இருக்கலாம், கவலை இல்லை. 40 இருந்தது ஒரே வாரத்தில் 200 ஆனால் போன் பண்ணச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பத்துச் சுற்று 415 வோல்ட் காயிலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. மெயின் இன்சுலேஷன் போனால் அதன் முனையிலும் 415 வரும். தனியாக லேத்திராய்டு வையுங்கள். ஸ்லீவ் போட்டுத் தனி டெர்மினலுக்குக் கொண்டுவாருங்கள். சின்னக் கம்பிதானே என்று வெறுங்கையால் தொடாதீர்கள். ஓடும்போது மீட்டரை மாட்டாதீர்கள், நிறுத்தி மாட்டிவிட்டு ஓட்டுங்கள்.

மேசை மேல் இருக்கும் ஸ்டேட்டரில் ஆறு ஜோடி போட்டு, முனைகளை வெளியே எடுத்து, எண் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு காயிலில் ஒரே ஒரு சுற்றை வேண்டுமென்றே ஷார்ட் செய்திருக்கிறேன். குறைந்த வோல்ட்தான், பயப்பட வேண்டாம். குண்டும் இருக்கிறது, ஹாக்சா பிளேடும் குரோலரும் இருக்கின்றன, மல்ட்டிமீட்டரும் இருக்கிறது. எந்த ஸ்லாட் என்று நான் சொல்லமாட்டேன். டீ வருவதற்குள் யார் முதலில் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பார்க்கலாம், வாங்க. டெல்டாவைப் பிரித்துவிட்டேனா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.